ஓவர்கோட்டில் இத்தனை வகையா? கம்பளிக் கோட்டுகளை அடையாளம் காண ஓர் அறிமுகம்

லண்டனுக்கோ டொராண்டோவுக்கோ பெர்லினுக்கோ முதன்முறையாகப் போய், நல்ல கம்பளி ஓவர்கோட் ஒன்று வாங்கலாம் என்று கடைக்குள் நுழைபவரைப் பெயர்களே திணறடித்துவிடும். ஒன்று செஸ்டர்ஃபீல்டு என்கிறார்கள். பக்கத்தில் தொங்குவது பிரிட்டிஷ் வார்ம். அதற்கடுத்தது அல்ஸ்டர், அப்புறம் போலோ, பால்மகான், லோடன், டஃபிள், பீ கோட். எல்லாமே கம்பளி, எல்லாமே முழுக்கை, பாதிக்கு மேல் கருநீலமோ சாம்பலோ. விலைச்சீட்டில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கோட்டைக் கையில் எடுத்து ஐந்து இடங்களைப் பார்த்தால் போதும்: துணி, தோள் தையல், காலர், பட்டன் வரிசை, முதுகு. இந்த ஐந்தும் ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய வேலைக்காக அப்படி அமைந்தவை. குதிரையில் போனவருக்கு ஒரு தேவை, கப்பல் தளத்தில் இரவுக் காவல் நின்றவருக்கு ஒரு தேவை, மாலை விருந்துக்கு வண்டியில் போன நகரத்துக் கனவானுக்கு வேறொரு தேவை. கோட் யாருக்காகப் பிறந்தது என்று தெரிந்துவிட்டால் பெயர் தானாக நினைவில் நிற்கும். நமக்கு அது ஒத்துவருமா என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் துணி

ஓவர்கோட்டில் முக்கால்வாசி விஷயம் துணிதான். தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் துணி மெலிசாக இருந்தால் ஜனவரிக் காற்று நேராக உள்ளே வந்துவிடும்.

ஆங்கிலேயத் தையல்காரர்கள் துணியின் கனத்தை அவுன்ஸில் சொல்வார்கள். சுமார் ஐந்தடி அகலமுள்ள துணியில் ஒரு கெஜம் வெட்டி எடை போட்டால் எத்தனை அவுன்ஸ் என்பதுதான் கணக்கு. சாதாரண சூட் துணி 9 முதல் 11 அவுன்ஸ். இலையுதிர் காலத்துக்கும் வசந்தத்துக்கும் போடுகிற டாப்கோட் 14 முதல் 18 வரை. ஓவர்கோட் என்று சொல்ல 20-க்கு மேல் வேண்டும். பழைய ராணுவ, கடற்படைக் கோட்டுகள் 30-ஐயும் தாண்டும். 30 அவுன்ஸ் என்றால் மீட்டருக்கு ஏறக்குறைய 930 கிராம். முழுநீளக் கோட் ஒன்றுக்குச் சுமார் மூன்று மீட்டர் துணி பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், அந்தக் காலத்து ஆட்கள் கிட்டத்தட்ட மூன்று கிலோவைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார்கள். இன்று ஓவர்கோட் என்று விற்கிற ரெடிமேட் கோட்டுகளில் பல, இந்தக் கணக்கில் டாப்கோட் எடையிலேயே நின்றுவிடுகின்றன. ஹேங்கரோடு தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கனத்தோடு நெருக்கமும் வேண்டும். ஆட்டு மயிரின் ஒவ்வோர் இழையின் மேலும் கண்ணுக்குத் தெரியாத சிறுசிறு செதில்கள் உண்டு. ஈரம், சூடு, சோப்பு, அழுத்தம் எல்லாம் சேரும்போது அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். துணி சுருங்கித் தடிக்கும். நல்ல கம்பளி ஸ்வெட்டரை வெந்நீரில் போட்டுத் துவைத்து, அது குழந்தைச் சட்டை அளவுக்குச் சுருங்கிப்போனதைப் பலர் பார்த்திருப்பார்கள். அதே காரியத்தைத் தறியிலிருந்து இறங்கிய துணிக்கு வேண்டுமென்றே, அளவு பார்த்துச் செய்வார்கள். முன்பு தொட்டியில் போட்டுக் காலால் மிதித்தார்கள். இடைக்கால ஐரோப்பாவில் ஆற்றுநீர்ச் சக்கரம் இயக்கிய மரச் சம்மட்டிகள் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. இப்படித் தடித்த துணியின் மேல்மயிரை எழுப்பி, ஒரே மட்டமாகக் கத்தரித்தால், நெசவின் கோடுகளே தெரியாத வழவழப்பான துணி கிடைக்கும். இதில் பேர்பெற்றது மெல்ட்டன். நரி வேட்டைக்குப் புகழ்பெற்ற மெல்ட்டன் மோப்ரே என்ற ஆங்கிலேய ஊரின் பெயர் அதற்கு. நல்ல மெல்ட்டனை வெட்டினால் ஓரத்தில் நூல் எளிதில் பிரியாது, காற்றும் சுலபமாகப் புகாது.

இதற்கு நேர்மாறு ட்வீட். நெசவு பளிச்சென்று தெரியும், தொட்டால் சொரசொரக்கும், ஒரே துணியில் நான்கைந்து நிறம் கலந்திருக்கும். அயர்லாந்தின் டோனகல் ட்வீட்டில் மஞ்சளும் சிவப்பும் நீலமும் அங்கங்கே சிறு முடிச்சுகளாகத் தலைகாட்டும். மெல்ட்டன் ஊர்வலத்துக்கும் அலுவலகத்துக்கும் பொருந்தும் துணி. ட்வீட் வயல்வெளிக்கு உரியது.

கடையில் ஒரு சோதனை செய்யலாம். கோட்டின் ஓரத்தில், லைனிங் இல்லாத இடமாகப் பார்த்து, துணியைக் குழல் விளக்குக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் ஊசி ஊசியாக வந்தால் நெருக்கம் போதாது. அப்புறம் ஒரு பிடி துணியைக் கைக்குள் கசக்கி விடுங்கள். நல்ல கம்பளி சில நொடிகளில் நிமிர்ந்துகொள்ளும். உள்சீட்டில் கம்பளி எத்தனை சதவீதம் என்றும் பாருங்கள். 80 கம்பளி, 20 நைலான் என்றால் மோசமில்லை, தேய்மானத்துக்கு நல்லதுகூட. பாதிக்கு மேல் பாலியெஸ்டர் என்றால் அந்தப் பணத்துக்குப் பஞ்சு அடைத்த ஜாக்கெட்டே மேல். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொடுவதற்கு நனைந்ததாகத் தெரியாது. தூறலில் நடந்து ரயிலேறுகிறவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. பாலியெஸ்டரால் அது முடியாது.

தோளைப் பாருங்கள்

சட்டையிலும் சூட்டிலும் இருப்பதுபோல், தோள் முடியும் இடத்தில் வட்டமாகக் கையைப் பொருத்தித் தைப்பது ஒரு முறை. தோள் நேராக, கட்டுக்கோப்பாகத் தெரியும். நகரத்துக் கோட்டுகள், ராணுவக் கோட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான்.

இன்னொன்று ராக்லன். கையின் துணி அக்குளிலிருந்து சாய்வாக ஏறிக் காலர் வரைக்கும் போகும். தோளில் தனித் தையலே இருக்காது. ராக்லன் பிரபு 1815-இல் வாட்டர்லூ போரில் வலது கையை இழந்தவர், பின்னால் கிரிமியப் போரில் பிரிட்டிஷ் படைக்குத் தலைமை தாங்கியவர். அவர் பெயரால்தான் இந்தக் கை வழங்குகிறது. அவர் எளிதாக அணிவதற்கென்றே இதை வடிவமைத்தார்கள் என்று சொல்வார்கள். அந்தக் கதை எப்படியிருந்தாலும், உள்ளே தடித்த ஸ்வெட்டர் இருந்தாலும் சூட் இருந்தாலும் இந்தக் கை இடிக்காது, இழுக்காது. தோளின் உச்சியில் தையல் இல்லாததால் மழைநீர் கசிய அங்கே வழியும் இல்லை.

ராக்லன் கை உள்ள கம்பளிக் கோட்டுகளில் முக்கியமானது பால்மகான். ஸ்காட்லாந்தில் இன்வர்னெஸ் பக்கத்தில் உள்ள ஒரு பண்ணையின் பெயர் அது. ஒற்றை வரிசைப் பட்டன், சட்டைக் காலர் மாதிரி சின்னதாக மடிந்த காலர், இடுப்புப் பட்டை கிடையாது, கழுத்திலிருந்து முழங்கால் வரைக்கும் தளர்வாக விரிந்து இறங்கும். ட்வீட்டில் தைத்தால் கச்சிதம். பார்க்க எந்த ஆடம்பரமும் இல்லாத கோட். முதல் கோட் வாங்குகிறவருக்கு நான் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நகரத்துக் கோட்: செஸ்டர்ஃபீல்டு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனவான்கள் வெளியே போட்ட கோட்டுகள் இடுப்பில் வெட்டி, கீழ்ப்பகுதியைத் தனியாகத் தைத்துச் சேர்த்தவை. உடம்பை இறுக்கிப் பிடிக்கும். 1840-களில் அந்த இடுப்புத் தையலை விட்டுவிட்டு, தோளிலிருந்து கீழ்வரை நேராக விழும் ஒரு கோட் லண்டனில் பரவியது. ஆறாவது செஸ்டர்ஃபீல்டு பிரபு (1805–1866) பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. இன்று நாம் ஓவர்கோட் என்றதும் மனத்தில் வருகிற உருவம் அங்கிருந்து வந்ததுதான்.

அடையாளம் காண்பது சுலபம். ஒற்றை வரிசைப் பட்டன், அதுவும் பெரும்பாலும் வெளியே தெரியாது; பட்டன்களை மறைத்துக்கொண்டு ஒரு துணிப்பட்டி மேலே ஓடும். பேன்ட்டின் முன்புறம் ஜிப் மறைந்திருக்கும் அதே முறைதான். இடுப்புப் பட்டை இல்லை, முதுகில் மடிப்பு இல்லை, கையில் மடக்கிய கஃப் இல்லை. பாக்கெட்டுகள் உள்ளே அமைந்து மூடி மட்டும் வெளியே தெரியும். துணி கருநீலம், அடர்சாம்பல், கறுப்பு. இதே கோட் இரட்டை வரிசைப் பட்டனிலும் உண்டு.

இதன் காலரில் மேல்பாதி மட்டும் வெல்வெட்டாக இருப்பதைப் பார்க்கலாம். பிரெஞ்சுப் புரட்சியில் தலை வெட்டப்பட்ட பிரபுக்களுக்காக இங்கிலாந்தின் பிரபுக்கள் துக்கம் காட்ட ஆரம்பித்த வழக்கம் என்று ஒரு கதை ஊர் ஊராகச் சுற்றுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கில்லட்டின் உச்சத்தில் இருந்தது 1793-94. செஸ்டர்ஃபீல்டு கோட் வந்தது அதற்கு அரை நூற்றாண்டு கழித்து. எனக்கு நம்பிக்கை தருவது தையல்காரர் சொல்லும் காரணம். கோட்டில் முதலில் அழுக்காகித் தேய்வது கழுத்து படுகிற இடம். அதிலும் அந்தக் காலத்தில் ஆண்கள் தலைக்கு எண்ணெயும் மெழுகும் தாராளமாகப் பூசினார்கள். காலரின் மேல்துணியைத் தனியாக வைத்துத் தைத்துவிட்டால், பாழானதும் அதை மட்டும் பிரித்து மாற்றிக்கொள்ளலாம், கோட் முழுதும் போகாது. நல்ல செஸ்டர்ஃபீல்டு ஒன்றின் காலரைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள்: அங்கே வேறு துணி, சாய்வான சின்னச் சின்னத் தையல்கள் நெருக்கமாக ஓடியிருக்கும். காலர் தொய்யாமல் கழுத்தை அணைத்து நிற்பது அந்தத் தையலால்தான். விலை குறைந்த கோட்டில் அந்த இடத்தில் பசையால் ஒட்டிய துணி இருக்கும். பசை பல வருடம் கழித்தோ சலவையிலோ விட்டுப்போனால் காலரில் குமிழ் கிளம்பும்.

செஸ்டர்ஃபீல்டின் நாட்டுப்புறத்துத் தம்பி கவர்ட் கோட். இதிலும் மறைந்த பட்டன், இதிலும் சில சமயம் வெல்வெட் காலர். ஆனால் நீளம் குறைவு, நிறம் பழுப்பும் பச்சையும் கலந்த மண் நிறம். குதிரையேற்றத்துக்கும் வேட்டைக்கும் பிறந்தது; நீளமாக இருந்தால் சேணத்தில் மாட்டும். கையின் நுனியிலும் கீழ் ஓரத்திலும் இணையாக நான்கைந்து வரிசைத் தையல் ஓடும். முள்வேலியில் உரசினாலும் ஓரம் கிழியாமல் இருக்க அந்த ஏற்பாடு. வேறு கோட்டுகளில் இந்தத் தையல் வரிசையைப் பார்ப்பது அரிது என்பதால் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

இரட்டை வரிசைப் பட்டன்: அல்ஸ்டரும் அதன் வாரிசுகளும்

குழப்பம் அதிகம் வருவது இங்கேதான். அல்ஸ்டர், போலோ, கார்ட்ஸ், பிரிட்டிஷ் வார்ம் நான்கிலும் முன்பக்கம் துணி ஒன்றன்மேல் ஒன்று அகலமாக ஏறி, பட்டன் இரண்டு வரிசையாக நிற்கும். குளிருக்கு இது பெரிய பலம்: நெஞ்சுக்கு மேல் இரண்டு அடுக்குக் கம்பளி.

அல்ஸ்டர் அயர்லாந்தின் வடபகுதியின் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் இது பயணக் கோட். திறந்த குதிரை வண்டியிலும் கணப்பில்லாத ரயில் பெட்டியிலும் மணிக்கணக்கில் உட்கார்ந்து போகிறவருக்கானது. ஆரம்ப காலத்து அல்ஸ்டரில் தோளுக்கு மேல் குட்டையான மேலங்கி ஒன்றும் சேர்ந்திருக்கும், பின்னால் அது மறைந்துவிட்டது. துணி தடித்த ட்வீட். நீளம் முழங்காலுக்கு நன்றாகக் கீழே, கணுக்காலுக்குப் பாதி தூரம் வரைக்கும்கூட. காலரும், அதன் தொடர்ச்சியாக நெஞ்சில் மடிந்து விழும் லேப்பலும் மிகப் பெரியவை. இரண்டும் ஏறக்குறைய ஒரே அகலத்தில் இருக்கும். அவற்றை நிமிர்த்தித் தாடை வரை பட்டன் போட்டு மூடிக்கொள்ளலாம். பாக்கெட்டுகள் வெளியே ஒட்டித் தைத்தவை, கையுறையோடு கையை நுழைக்கிற அளவுக்குப் பெரியவை. கையின் நுனி அகலமாக மடக்கியிருக்கும்.

முதுகுக்கு வருவோம். அல்ஸ்டரின் பின்னால் இடுப்பளவில் ஒரு அரைப்பட்டை இருக்கும், இரண்டு பட்டன்களால் பிடிக்கப்பட்டு. அழகுக்கு வைத்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ராணுவ கிரேட்கோட்டுகளில் இதன் வேலை தெளிவாகத் தெரியும். அவற்றின் முதுகில் ஏராளமான துணி விட்டிருப்பார்கள். நடக்கும்போது அந்தத் துணியை மடிப்புகளாகச் சேர்த்துப் பிடிக்கத்தான் பட்டை. ரஷ்யப் படைவீரனின் ஷினெல் என்ற கோட்டில் அந்தப் பட்டையைக் கழற்றிவிட்டால் முதுகு விரிந்து, இரவில் போர்த்திப் படுக்கும் போர்வையாகிவிடும். ஆக, அரைப்பட்டை உள்ள கோட்டைப் பார்த்தால் அதை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். பழைய முறையில் தைத்ததென்றால் அதன் கீழே மடிப்பு விரியும். வெறும் பட்டையை மேலே ஒட்டித் தைத்திருந்தால் அது பெயருக்கு அல்ஸ்டர்.

போலோ கோட் இந்த அல்ஸ்டரின் நேரடி வாரிசு. போலோ ஆட்டத்தில் சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே வியர்வையோடு காத்திருக்கும் ஆட்டக்காரர்கள் குளிர் தாக்காமல் மேலே போட்டுக்கொண்டது. இங்கிலாந்தில் தொடங்கி அமெரிக்காவுக்குப் போனது. 1920-களில் அங்கே கிழக்குக் கடற்கரைப் பல்கலைக்கழக மாணவர்களிடையே பெரிய மோகமாகவே ஆகிவிட்டது. அல்ஸ்டரின் பெரிய காலர், ஒட்டுப் பாக்கெட், மடக்கிய கஃப், அரைப்பட்டை எல்லாம் அப்படியே இருக்கும். மாறியது துணி: ட்வீட்டுக்குப் பதில் ஒட்டகமயிர், சாயம் போடாத அதன் சொந்தப் பொன்பழுப்பு நிறத்தில். மங்கோலியாவிலும் உள்மங்கோலியாவிலும் வாழும் இரட்டைத் திமில் ஒட்டகம் வசந்தத்தில் உதிர்க்கும் அடிமயிர் அது. கனத்துக்குத் தரும் கதகதப்பு அதிகம், மென்மையும் அதிகம். ஆனால் முரட்டுக் கம்பளியைவிடச் சீக்கிரம் தேயும். பை மாட்டும் தோளிலும் பாக்கெட் வாயிலும் முதலில் தெரியும். தினமும் முதுகுப்பையோடு பேருந்தில் போகிறவர் இதைத் தவிர்ப்பது நல்லது.

கார்ட்ஸ் கோட் பிரிட்டிஷ் காவல் படைப்பிரிவு அதிகாரிகளுடையது. கருநீல மெல்ட்டன், மேல்நோக்கிக் கூர்த்த லேப்பல், அரைப்பட்டை, முதுகின் நடுவே நீண்ட மடிப்பு, இடுப்பு சற்றே ஒட்டிய அமைப்பு. அல்ஸ்டரை ராணுவ அணிவகுப்புக்குத் தயார்படுத்தினால் எப்படியிருக்கும் என்று பார்க்க இதைப் பார்க்கலாம்.

பிரிட்டிஷ் வார்ம் முதல் உலகப்போர்க் காலத்து அதிகாரிகளின் கோட். சேற்றில் நடக்கவேண்டியவர்களுக்கு முழுநீளத் தொங்கல் ஆகாது, அதனால் முழங்காலோடு நின்றுவிடும். சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தில் கனமான மெல்ட்டன், மூன்று ஜோடிப் பட்டன். பட்டன்கள் பின்னிய தோலால் ஆனவை, சின்னக் கால்பந்து மாதிரி உருண்டையாக இருக்கும். கூர்த்த லேப்பல், தோளில் பதவிச் சின்னம் குத்தும் பட்டை, இடுப்பில் லேசாக ஒடுங்கிக் கீழே விரியும் வடிவம். அரைப்பட்டை கிடையாது, கார்ட்ஸ் கோட்டிலிருந்து பிரித்தறிய அதுவே போதும். போர் முடிந்து வீடு திரும்பிய அதிகாரிகள் கழற்ற மனமில்லாமல் ஊரிலும் போட்டுக்கொண்டார்கள், அப்படித்தான் இது கடைவீதிக்கு வந்தது. இந்தத் துணிக்குப் பேர்பெற்றது 1805-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் பக்கத்தில் தொடங்கிய கிராம்பி ஆலை. பிரிட்டனில் பலர் எந்த நல்ல ஓவர்கோட்டையும் கிராம்பி என்றே சொல்லிவிடுவார்கள். கடையில் அப்படிச் சொன்னால் எந்த வடிவம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடலிலிருந்து வந்தவை

பீ கோட்டும் டஃபிள் கோட்டும் மாலுமிகளுடையவை. சூட்டுக்கு மேல் போடுவதற்கென்று யாரும் இவற்றை உருவாக்கவில்லை. பலரும் அந்தத் தவற்றைச் செய்கிறார்கள், சூட்டின் கீழ்ப்பகுதி பீ கோட்டுக்குக் கீழே எட்டிப்பார்த்துக்கொண்டிருக்கும்.

பீ கோட் இடுப்புக்குச் சற்றுக் கீழே முடிந்துவிடும். கப்பலில் ஏணி ஏறி இறங்குகிறவருக்குக் காலில் துணி சுற்றக்கூடாது. இரட்டை வரிசையில் நங்கூரம் பொறித்த பெரிய பட்டன்கள், காதைத் தொடும் அளவுக்கு நிமிர்த்தக்கூடிய அகலக் காலர், கை சூடாக்க வசதியாக நேர்செங்குத்தாக வெட்டிய பாக்கெட்டுகள். இதையே முழங்காலுக்குக் கீழே நீட்டித் தைத்தால் கப்பல் அதிகாரிகளின் பிரிட்ஜ் கோட். பழைய கடற்படைப் பீ கோட்டுகள் பழைய துணிக் கடைகளில் நிறையக் கிடைக்கும். 30 அவுன்ஸுக்கு மேற்பட்ட துணியை இன்று புதிதாக வாங்கப்போனால் விலை எங்கேயோ இருக்கும், அங்கே மலிவாகக் கிடைக்கும்.

டஃபிளை யாரும் தவறவிட மாட்டார்கள்: தலைமூடி, பட்டனுக்குப் பதில் மரத்திலோ கொம்பிலோ செய்த கட்டைகள், அவற்றை மாட்டக் கயிறு வளையங்கள். பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் மாகாணத்து டஃபெல் ஊரில் நெய்த முரட்டுத் துணியிலிருந்து பெயர் வந்தது. கோட்டாக அதைப் பரப்பியது பிரிட்டிஷ் கடற்படை. பனியில் மரத்த விரலாலும் தடித்த கையுறையாலும் பட்டனைக் காஜாவுக்குள் நுழைக்க முடியாது. கட்டையைக் கயிற்று வளையத்துக்குள் தள்ளிவிடலாம். தலைமூடியைக் கடற்படைத் தொப்பியின் மேலேயே இழுத்துவிட்டுக்கொள்கிற அளவுக்குப் பெரிதாக வைத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் தளபதி மாண்ட்கோமரி இதைப் போட்டுக்கொண்டு சுற்றியதால் இத்தாலியர்கள் இன்றும் இதை மாண்ட்கோமரி என்றே அழைக்கிறார்கள். போர் முடிந்ததும் மிஞ்சிய கோட்டுகள் சந்தைக்கு வந்தன. அவற்றை விற்ற மோரிஸ் தம்பதி 1951-இல் குளோவரால் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, பின்னர் சொந்தமாகவே தைக்க ஆரம்பித்தார்கள். அப்போதிலிருந்து மாணவர்களின் கோட்டாகவே ஆகிவிட்டது.

மலையிலிருந்து வந்தது: லோடன்

ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பகுதி விவசாயிகளும் இடையர்களும் தங்கள் ஆட்டு மயிரை நெய்து, மேலே சொன்னபடி மிதித்துத் தடிக்கவைத்த துணி லோடன். துணியின் மேல்மயிரை ஒரே திசையில், கீழ்நோக்கிச் சீவி வைப்பார்கள். மழை விழுந்தால் அந்த மயிரின் வழியே ஓடிச் சொட்டிவிடும். நிறம் பெரும்பாலும் காட்டுப் பச்சை. கோட்டின் முதுகில் தோளிலிருந்து அடிவரை ஆழமான ஒரு மடிப்பு இருக்கும், நடக்கவும் ஏறவும் அது விரிந்து கொடுக்கும். அக்குளுக்குக் கீழே கையைத் தைக்காமல் திறந்து விட்டிருப்பதும் உண்டு, துப்பாக்கியைத் தூக்கிக் குறிபார்க்கும்போது கோட் இழுக்காமல் இருக்க. பேரரசர் ஃபிரான்ஸ் யோசெஃப் வேட்டைக்கு லோடன் அணிந்ததில் இடையரின் துணிக்கு அரசவை மரியாதை வந்தது. மியூனிக்கிலும் வியன்னாவிலும் வயதானவர்கள் அலுவலகத்துக்கும் தேவாலயத்துக்கும் இதைப் போட்டுப் போவதைப் பார்க்கலாம். மழையும் குளிரும் சேர்ந்து வருகிற ஊருக்கு இதைவிட அறிவான கோட் எனக்குத் தெரியாது. அந்த நாடுகளுக்கு வெளியே கிடைப்பதுதான் கொஞ்சம் சிரமம்.

டிரெஞ்ச் கோட்டையும் இந்த வரிசையில் சேர்த்துப் பேசுவதுண்டு. அது நெருக்கமாக நெய்த காபர்டினில் தைத்த மழைக்கோட். இந்தக் கனத்த கம்பளிக் குடும்பத்தைச் சேர்ந்ததில்லை.

சரி, எதை வாங்குவது?

தினமும் சூட், டை என்று போகிற வேலை என்றால் கருநீலச் செஸ்டர்ஃபீல்டு வாங்கினால் கேள்வியே இல்லை. வெல்வெட் காலர் இல்லாததாகப் பார்த்துக்கொண்டால் ஜீன்ஸுக்கும் ஓரளவு ஒத்துப்போகும். மாணவர் என்றால் டஃபிள். பனியில் தலைமூடியின் அருமை தெரியும், பையைத் தோளில் மாட்டினாலும் துணி தாங்கும்.

மற்ற எல்லோருக்கும் நான் பால்மகானைச் சொல்வதன் காரணம் தோள்தான். ஒரே கோட்டை ஒருநாள் சூட்டுக்கு மேலும், மறுநாள் வெறும் சட்டைக்கு மேலும், ஞாயிற்றுக்கிழமை தடித்த ஸ்வெட்டருக்கு மேலும் போட வேண்டியிருக்கும். பொருத்திய கையுள்ள கோட் இந்த மூன்றில் ஒன்றுக்குத்தான் சரியாக உட்காரும். ராக்லன் மூன்றுக்கும் பொருந்தும். தோள் அளவு கச்சிதமாக அமைய வேண்டிய கட்டாயமும் இல்லை. கடைக்காரர் அளவைக் கொஞ்சம் தவறாகச் சொல்லிவிட்டாலும் சமாளித்துவிடலாம்.

அளவில் ஒரு விஷயம்: ஓவர்கோட் தைக்கிறவர்கள் உள்ளே சூட் ஜாக்கெட் இருக்கும் என்று கணக்கிட்டே பெரிதாகத் தைக்கிறார்கள். உங்கள் ஜாக்கெட் அளவு 40 என்றால் ஓவர்கோட்டும் 40-தான். பயந்து 42 எடுத்தால் தொளதொளவென்று நிற்கும். போட்டுப் பார்க்கப் போகும்போது ஜாக்கெட்டோடு போங்கள். கை, கட்டைவிரலின் அடிவரை வந்து உள்ளே இருக்கிற சட்டையையும் ஜாக்கெட்டையும் மூட வேண்டும். நீளம் முழங்காலைத் தாண்டட்டும். தொடையோடு நிற்கும் கோட் இப்போது எங்கும் கிடைக்கிறது, ஆனால் காற்றடிக்கிற பிளாட்பாரத்தில் நின்றால் குளிர்வது தொடைதான்.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. வீட்டுக்கு வந்ததும் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக நாலு இழு இழுத்து, அகலமான தோள் உள்ள மர ஹேங்கரில் மாட்டுங்கள். நனைந்திருந்தால் ஹீட்டர் பக்கம் கொண்டுபோகாமல் தானாகக் காயவிடுங்கள். டிரைகிளீனிங் பருவத்துக்கு ஒருமுறை போதும், அதுவும் கோடைக்கு உள்ளே எடுத்து வைக்கும் முன்னால். அந்துப்பூச்சி தேடி வருவது வியர்வையும் உணவுக் கறையும் பட்ட கம்பளியைத்தான். விடுமுறைக்கு வரும்போது கோட்டைச் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ பீரோவில் விட்டுப்போகிறவர்கள் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மூட வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளே பூஞ்சை கிளம்பிவிடும். பருத்தித் துணி உறை போதும், வீட்டில் இருப்பவர்கள் அவ்வப்போது நிழலில் காற்றாட விட்டால் இன்னும் நல்லது.

புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பும் முன் ஒரு கத்தரிக்கோலை எடுங்கள். பின்புறப் பிளவின் அடியில் பெருக்கல் குறிபோல் குறுக்காகப் போட்ட நூல், வழியில் துணி கசங்காமல் இருக்கப் போட்டது. அதை வெட்டிவிட வேண்டும். வெட்டாமல் போட்டால் நடக்கும்போது முதுகு இழுக்கும், பிளவு விரியாது. கையின் நுனியில் தைத்திருக்கும் துணி ஆலையின் பெயர்ச்சீட்டும் அப்படித்தான், மெதுவாகப் பிரித்து எடுத்துவிடுங்கள். பாக்கெட் திறக்கவில்லையே என்று தோன்றினால் வாயில் ஒரு நீளத் தையல் ஓடியிருக்கும். பாக்கெட்டின் உள்பையை விரலால் தொட்டு உறுதிசெய்துகொண்டு, அந்த நூலை மட்டும் ஒவ்வொரு கண்ணியாக அறுத்தால் திறந்துவிடும்.